வலப்பக்கத்துத் திரை

திரையின் வலது ஓரத்தில் முட்டி நிற்க வேண்டிய அம்புக்குறி, அன்று காலை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மவுஸை இடப்பக்கமாக இழுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவிடுக்கில் தலை நீட்டும் பூனை மாதிரி அது ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே வந்தது. மறுபடி வலப்பக்கம் தள்ளினாள். காணாமல் போயிற்று. மவுஸ் மேசை விளிம்புக்கு வந்தும், அம்பு மட்டும் எங்கோ இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அவள் கை சொன்னது.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டிவிட்டது போலப் படம் செய்து காட்டுவது அவள் தொழில். கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடம் அனுப்புவார். அவள் அதில் சுவர் எழுப்பி, சோபா போட்டு, திரைச்சீலை தொங்கவிட்டு, எந்த ஜன்னல் வழியாக எந்த நேரத்து வெயில் வந்து தரையில் எவ்வளவு தூரம் நீளும் என்பதுவரை செய்து கொடுப்பாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். மேசைக்கடியில் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அவளே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. உள்ளே ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். முந்தின நாள் மாலை திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளுக்கு அப்டேட் வந்திருந்தது. யோசிக்காமல் சம்மதம் கொடுத்திருந்தாள்.

செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். ஒரு கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. ஒன்று என்று எண் போட்டது அவளுடைய மானிட்டர். அதன் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு, உயரமாக, ஒடுக்கமாக, இரண்டு என்று எண் போட்ட இன்னொன்று. தயாரித்தவர்களின் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. குனிந்து, போன் வெளிச்சத்தில் மேசைக்கடியில் தேடினாள். தூசி, ஒரு செத்த பூச்சி. கார்டிலிருந்து கிளம்பிய கேபிள் ஒன்றே ஒன்றுதான்.

கெர்னலுக்குப் போன் போட்டாள். பழைய அலுவலகத்தில் அவளுக்கு மூத்தவர். லினக்ஸின் உட்கருவான கெர்னலைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசாததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டாளத்தில் இருந்தவர் என்று நினைத்து, புதிதாக வேலைக்கு வருபவர்கள் அவர் முன்னால் விறைப்பாக நிற்பார்கள்.

"பேய் மானிட்டர்மா அது," என்றார் கெர்னல், எதையோ மென்றுகொண்டே.

"என்னண்ணா, காலங்காத்தால."

"நிஜமா அதுக்குப் பேரே அதான். கார்டுக்குப் பின்னாடி கேபிள் சொருக நாலஞ்சு ஓட்டை இருக்குல்ல, அதுல ஒண்ணுல ஏதோ மாட்டியிருக்குன்னு டிரைவர் தானா நினைச்சுக்கும். இல்லாத திரைக்குப் படம் அனுப்பிக்கிட்டே கிடக்கும். மந்திரவாதியெல்லாம் கூப்பிடாத. செட்டிங்ஸ்ல போய் ரெண்டாவத அணைச்சு விடு, போதும்."

அணைத்தாள். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. அம்புக்குறி ஓரத்தில் முட்டி, சமர்த்தாக நின்றது. அதே நேரத்தில் வலப்பக்கத்துச் சுவருக்கு அப்பால் கட்டில் கிரீச்சிட்டது.

சுவருக்கு அப்பால் படுக்கையறை. அவள் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வேலை. எத்தனையோ மாதங்களாக இரவுப் பணி. அவள் பல் துலக்கும் நேரத்தில் மருந்து வாசனையோடு வீட்டுக்குள் வந்து, தடித்த நீலத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவான். அவன் எழுந்திருக்கும்வரை வீடு கிசுகிசுப்பில் நடக்கும். கீபோர்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்திருந்தாள், தட்டும் சத்தம் கேட்காமலிருக்க. கல்யாணமான புதிதில் வாய் ஓயாமல் கேலி பேசியவன். இப்போது இருவருக்கும் நடுவே "சாப்டியா", "சாவி எங்க" என்ற அளவில் பேச்சு வற்றிப்போயிருந்தது.

மாலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏன் அந்த வெளிச்சத்தப் போட்டுப் போட்டு அணைச்ச?"

"எந்த வெளிச்சம்?"

"ரூம்ல. சுவத்துல, டிவி மாதிரி. மூஞ்சில அடிச்சுது."

"நம்ம வீட்ல டிவி ஏதுங்க?"

"அப்ப கனவு," என்று கொட்டாவி விட்டான். "கனவுலகூடத் தூங்க விடமாட்டேங்கறாங்க."

சிரித்தாள். ஆனால் அவன் கிளம்பிப் போன பிறகு படுக்கையறை விளக்கைப் போட்டு அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சுவர். ஆணி அடித்த தடம்கூட இல்லை.

மறுநாள் மழை. காலையிலிருந்தே வீட்டுக்குள் வெளிச்சம் சாம்பல் கரைத்த மாதிரி இருந்தது. ஜன்னல் தகரத்தில் தண்ணீர் விழும் சத்தமும், மேசைக்கடியிலிருந்து வரும் விசிறியின் இரைச்சலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எது எதுவென்று பிரித்துக் கேட்க முடியாதபடி அறையை நிறைத்திருந்தன. செட்டிங்ஸில் இரண்டாவது கட்டம் திரும்ப வந்திருந்தது. அணைத்தாள். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அங்கேயே இருந்தது. மறுபடி அணைத்தாள், மறுபடி வந்தது. கெர்னல் அனுப்பிய கட்டளையை டெர்மினலில் அடித்து, அந்த ஓட்டையையே மூடி, ரீஸ்டார்ட் செய்தாள். வந்தது. வாரக் கடைசிக்குள் ஒரு வீட்டை முழுசாக முடித்து அனுப்ப வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேலையைத் தொடர்ந்தாள்.

மதியம் வாக்கில், செய்ததைச் சேமிக்கப் போனபோது எல்லாம் அப்படியே உறைந்தது. என்னவென்று அவளுக்குப் புரிந்தது. பழைய கோப்பின் மேல் எழுதட்டுமா என்று கேட்கும் சின்னப் பெட்டி, வலப்பக்கத்தில், இல்லாத திரையில் போய்த் திறந்திருக்கிறது. அது பதிலுக்குக் காத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவள் விரலை நிறுத்தி யோசித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பாலிருந்து கணவனின் குரல் வந்தது. தூக்கத்தில் ஊறிய, தடித்த குரல்.

"ஏதோ கேக்குது பாரு. ஆமான்னு குடு."

அவள் விரல் கீபோர்டின் மேல் அந்தரத்திலேயே நின்றது. எதையும் தொடவில்லை. அவள் முன்னாலிருந்த திரை ஒரு முறை அசைந்து உயிர் பெற்றது. கீழே, கோப்பு சேமிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்து மறைந்தது.

எழுந்து ஓடினாள். படுக்கையறையில் இருட்டு. திரைச்சீலையின் ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவு மழை வெளிச்சம். அவன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான், கண் மூடியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. எதிரே வெறும் சுவர். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. மழையில் மற்ற சுவர்கள் எல்லாம் சில்லிட்டுக் கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும், அவள் மார்பு உயரத்தில், நெடுநேரம் ஓடிய மானிட்டரின் முதுகு போலச் சூடாக இருந்தது. மூக்கில் காய்ந்த தூசியின் வாசனை ஏறியது.

சமையலறைக்குப் போய்க் கெர்னலை அழைத்து, கிசுகிசுப்பாகச் சொன்னாள். கணவன் பேசியதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்று பட்டது.

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கணும், அவ்வளவுதானே?" என்றார் அவர். "ஒரு ஸ்கிரீன்ஷாட் எடு. ரெண்டு திரையும் சேர்ந்து ஒரே நீளப் படமா விழும். உன் பெட்டி கிட்டி எல்லாம் அங்க வரிசையா உக்காந்திருக்கும் பாரு."

எடுத்தாள். படத்தின் இடது பாதியில் அவள் வேலை: பெரிய ஹால், மெழுகு பூசியது போன்ற தரை, மாலை வெயில். வலது பாதி கறுப்பு. கறுப்பு என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவளுக்கு அதில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டினாள். இன்னும் கொஞ்சம். மடிப்பு மடிப்பாக ஒரு நீலத் திரைச்சீலை எழுந்து வந்தது. கட்டிலின் விளிம்பு. போர்வைக்கு வெளியே நீண்ட பாதங்கள், கணவனுடைய பாதங்கள். அவன் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. தூக்கிக் கிளிப் போட்ட கூந்தல். தோளில் நூல் பிரிந்த பச்சைச் சட்டை. ஒரு கை அவன் நெற்றியில்.

அவள் தன் தோளைத் தொட்டாள். பிரிந்த நூல் விரலில் சிக்கியது.

படத்தைக் கெர்னலுக்கு அனுப்பினாள். "பாதி கறுப்பு. அந்தப்பக்கம் ஒண்ணுமே இல்லம்மா. நீ ரெண்டு நாளா சரியாத் தூங்கல போல" என்று பதில் வந்தது.

அன்று மாலை கணவன் விசிலடித்துக்கொண்டே எழுந்து வந்தான். முகம் கழுவிய மாதிரி தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே அப்பிக்கிடந்த கருமையைக் காணோம்.

"எவ்வளவு நாளாச்சு இப்படித் தூங்கி," என்றான். "நீ தலைய வருடிக்கிட்டே இருந்தியா, அப்படியே போயிட்டேன்."

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பழைய சிரிப்பு. மாதக்கணக்கில் அவள் ஏங்கிப்போயிருந்த சிரிப்பு.

"ம்," என்றாள்.

அந்த ஒற்றை எழுத்தை நினைத்து இரவு முழுவதும் அவளுக்கு உடம்பு கூசியது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஹாலில் விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார முடியாமல் எழுந்து நடந்தாள். நடக்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைப் பார்க்கச் சகிக்காமல் திறந்துவைத்தாள்.

காலையில் அவன் வந்ததும் மறித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் ஹால்ல படுத்துக்குங்க."

"ஏன்? நீதானே சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"அந்தக் கட்டில விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு. நேத்து, தூங்கும்போது. சின்னப் புள்ளகிட்ட சொல்ற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னியே." அவள் கன்னத்தில் செல்லமாகத் தட்டிவிட்டு உள்ளே போனான். திரைச்சீலை வளையங்கள் கம்பியில் உரசி ஓடும் சத்தம் கேட்டது.

கெர்னலை அழைத்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "அண்ணா, இந்த டிரைவரே எனக்கு வேண்டாம். எப்படி எடுக்கிறது, சொல்லுங்க."

"பதறாதம்மா. மொத்தமாக் கழட்டிரு. லினக்ஸோடவே வர்ற சாதா டிரைவர் ஒண்ணு இருக்கு, அது தானா வந்து உக்காந்துக்கும். வேகம் கம்மி, ஆனா சாது. ஒரே திரைதான் காட்டும்."

மழை வலுத்திருந்தது. பிளக்கைச் சொருகி, படங்களும் பெட்டிகளும் இல்லாத, வெறும் எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரைக்கு வந்தாள். அம்புக்குறி இல்லை, ஓரம் இல்லை, வலப்பக்கம் இல்லை. அதுவே ஆறுதலாக இருந்தது. கெர்னல் சொன்னதை எழுத்துப் பிசகாமல் அடித்தாள். டிரைவரின் ஒவ்வொரு துண்டும் கழன்று போகப் போக வெள்ளை வரிகள் மேலே மேலே ஏறின.

சுவருக்கு அப்பால் யாரோ பேசினார்கள்.

தாழ்ந்த குரல். இரண்டு குரல்கள். ஒன்று கணவனுடையது, கேலி பேசும்போது வரும் இழுப்போடு. மற்றது ஒரு பெண். போனில் பதிவான தன் குரலைக் கேட்கும்போது வருமே ஒரு கூச்சம், அது அவள் முதுகுத்தண்டில் ஓடியது. அவன் சிரித்தான். வாய்விட்டு.

வரிகள் நின்றன. ரீஸ்டார்ட் என்று அடித்தாள். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை சரியாக விழுந்தது.

திரை அணைந்தது. மேசைக்கடியில் விசிறி மூச்சிழுத்து, தணிந்து, மறுபடி இரைந்தது. மானிட்டரின் நடுவில் சிறிய எழுத்துகள்: சிக்னல் இல்லை. அவை இங்குமங்கும் மிதந்தன. பிறகு அவையும் போயின.

காத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் எழுந்துவிட்டதைச் சொல்லும் மணி ஒலித்தது. அவள் ஸ்பீக்கரிலிருந்து அல்ல. சுவருக்கு அப்பாலிருந்து. தொடர்ந்து கீபோர்டு தட்டும் சத்தம், துண்டு விரிக்காத வெறும் மேசையில், படபடவென்று, யாரையாவது எழுப்பிவிடுவோமோ என்ற பயமில்லாமல்.

"வேலை செய்யுதா?" கணவனின் குரல்.

"செய்யுது," என்றாள் அவள் குரலில் ஒருத்தி. "இனிமே ஒரே திரைதான்."

நாற்காலி கவிழ எழுந்தாள். வீட்டு நடையில் கால் வழுக்கியது. படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

யாருமில்லை. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. தலையணையில் தலை பதிந்த குழி இல்லை. மெத்தையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. நீலத் திரைச்சீலை இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்க, ஜன்னலில் மழை. மருந்து வாசனைகூட இல்லை.

"ஏங்க!"

சிரிப்புச் சத்தம் கேட்டது. இப்போது சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அல்ல. அவள் இப்போதுதான் விட்டுவந்த அறையிலிருந்து.

திரும்பி ஓடினாள். அங்கேயும் யாருமில்லை. கவிழ்ந்த நாற்காலி. இரையும் விசிறி. இரண்டு கையாலும் சுவரில் அடித்தாள். அடித்துக்கொண்டே கத்தினாள், அவனைக் கூப்பிட்டு, கெர்னலைக் கூப்பிட்டு, வெறுமனே.

"என்னமோ தட்டுற சத்தம் கேக்குதே," என்றான் கணவன், வெகு பக்கத்தில்.

"மேல் வீட்டுல நாற்காலி இழுக்கறாங்க. நீங்க தூங்குங்க."

"ம்."

அவள் சொன்ன அதே "ம்".

அப்போது மானிட்டர் ஒளிர்ந்தது.

படுக்கையறை. திரை முழுவதும். கட்டிலில் கணவன், சுகமாக, வாய் லேசாகத் திறந்து. அவன் தலைமாட்டில் இருந்தவள் எழுந்தாள். பச்சைச் சட்டை. திரும்பினாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், திரையை நோக்கி நடந்து வந்தாள். வர வர அவள் முகத்தில் வெளிச்சம் ஏறியது. கீழிருந்து வரும் வெளிச்சமல்ல, அந்த அறை ஜன்னலின் வெளிச்சமுமல்ல. நேர் எதிரிலிருந்து, சாம்பல் நிறத்தில், மழை நாளின் வெளிச்சம். அது எங்கிருந்து அந்த முகத்தில் விழுகிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இந்த அறையிலிருந்து. இந்த ஜன்னலிலிருந்து. தான் நின்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்து.

"வேண்டாம்," என்றாள்.

அந்த முகம் அவளை நேருக்கு நேர் பார்த்தது. வெறுப்பு இல்லை. வேலை முடிந்து எழும் ஒருத்தியின் அலுப்புதான் இருந்தது.

கை உயர்ந்தது. ஆள்காட்டி விரல் நீண்டு, பெரிதாகி, ரேகை தெரிய, பிறகு ரேகையும் கலங்கி, திரையின் கீழ் ஓரத்தில், மானிட்டரை அணைக்கும் பொத்தான் இருக்கும் இடத்தை நோக்கி இறங்கியது. சுவர்கள், கவிழ்ந்த நாற்காலி, ஜன்னல், ஜன்னலில் வழிந்துகொண்டிருந்த மழை, அவளுடைய இரண்டு கைகள், எல்லாம் ஒரே சீராக மங்கத் தொடங்கின.